சாட்டின் ஜாக்கெட்டும் என் தையலும்

மேலூரில் என் அக்கா மகளுக்குச் சடங்கு. தாய்மாமனான என் அண்ணன், சீர்த்தட்டு தூக்கும் எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் ஜாக்கெட் துணி எடுத்து வந்தார். பளபளவென்று சாட்டின். தைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. திருப்பரங்குன்றத்தில் தையல்கடை வைத்திருப்பவள் நான்தானே.

துணியைத் தொட்டதுமே எரிச்சல் வந்தது. பாப்ளினில் ஒவ்வொரு நூலும் ஒன்றுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று மாறி மாறிப் போகும். அதனால் பிடிப்பு உண்டு. சாட்டினில் ஒரு நூல் நாலைந்து நூலைத் தாண்டிய பிறகுதான் ஒரு தடவை உள்ளே போகும். பளபளப்பும் அதனால்தான், வினையும் அதனால்தான். விட்டு விட்டுக் கட்டிய மல்லிகைச் சரத்தில் பூ உருவிக்கொண்டு வருமே, அப்படி இழுத்த இடத்தில் நூல் நழுவிவிடும்.

"லைனிங் வச்சுக் கொஞ்சம் லூசாத் தைக்கிறேன் மதினி" என்று அண்ணன் மனைவியிடம் கெஞ்சினேன்.

"லைனிங் வச்சா வேர்த்து ஊத்தும். கச்சிதமாத் தைக்க வரலைன்னா வரலைன்னு சொல்லு."

ரோஷத்தில் கச்சிதமாகவே தைத்துக் கொடுத்தேன். எனக்குத் துணி போதவில்லை. அதே நிறத்தில் பாப்ளின் வாங்கிக்கொண்டேன்.

மண்டப வாசலில் கொட்டு முழங்கியது. வீடியோ எடுப்பவர், "அக்கா, எல்லாரும் தட்டை மேல தூக்குங்க" என்றார். தூக்கினார்கள். மதினியின் ஜாக்கெட் முதுகோடு கை சேரும் இடத்தில் வாயைப் பிளந்தது. இன்னும் இரண்டு பேருக்கும் அப்படியே.

பின்னறையில் வைத்து, "பாருங்க, தையல் அப்படியே இருக்கு. துணிதான் உருவிட்டு வந்திருக்கு" என்று தொண்டை கிழியச் சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. மதினி என் ஜாக்கெட்டைத் தடவிப் பார்த்தார்.

"ஒனக்கு மட்டும் கிழியாத துணியாப் பாத்து எடுத்துக்கிட்டயாக்கும்!"

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சொந்தத்துக்குள் என் தையலுக்கு இருந்த பெயர் அந்த அறையிலேயே போனது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அடுத்த விசேஷத்துக்கு ஜாக்கெட் துணி கோரிப்பாளையத்தில் வேறொரு தையல்கடைக்குப் போனது. மறுபடியும் சாட்டின். சேலைக்கு ஃபால்ஸ் தைக்க மட்டும் என்னிடம் வந்த மதினி, புது ஜாக்கெட்டை என் மெஷின் மேலேயே விரித்துக் காட்டினார்.

"சாட்டின்னா லைனிங் வச்சு லூசாத்தான் தைப்போம்னு அங்க கறாராச் சொல்லிட்டாங்க. தொழில் தெரிஞ்சவங்க சொன்னா கேட்டுக்கிறணும்ல?"