லால்குடி பஸ்ஸுக்கு எழுந்து நின்ன ஜனங்க

என் பாட்டுக்கு மரியாதை கொடுத்துதான் அறுபது பேர் எழுந்து நின்னாங்கன்னு, ஒரு முழுப் பாட்டு நேரம் நம்பினேன். வயசு அம்பத்திரண்டு. நம்பிக்கைக்கு வயசில்லன்னு சொல்லுவாங்க, புத்திக்கும் இல்லபோல.

நான் ஆபீஸ் வேலை பாக்குறவன், வீடு ஸ்ரீரங்கத்துல. பன்னெண்டு வருஷமா கண்ட்ரி பாட்டு எழுதிப் பாடுறேன். அமெரிக்காக்காரன் குதிரை, லாரி, ஓடிப்போன பொண்டாட்டின்னு கிட்டார் வெச்சுப் பாடுவானே, அது. அதுல நம்ம தெம்மாங்கைக் கலந்துட்டேன். ரெண்டு பக்கத்து ஆளுங்களும் என்னைத் தங்களோட ஆளில்லன்னுதான் சொன்னாங்க. இதுவரைக்கும் பதினோரு பாட்டு. பாடின மேடைன்னா மூணு காதுகுத்து, அரியமங்கலத்துல ஒரு பட்டறைத் திறப்பு விழா. அங்க லேத்து மெஷினுக்குத்தான் கை தட்டினாங்க.

என் வீட்டம்மா இந்தப் பன்னெண்டு வருஷத்துல ஒரு பாட்டுகூட முழுசா கேட்டதில்ல. ரெண்டாவது வரியில குக்கர் ஞாபகம் வந்துடும். போன பொங்கலுக்கு முடிவாவே சொல்லிட்டா.

"ஒரே ஒரு பாட்டு நான் முழுசா கேட்டுட்டேன்னா, கிட்டார் இந்த வீட்டுல இருக்கட்டும். இல்லன்னா புத்தூர்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடும். அவ பொண்ணு கிட்டார் கிளாஸுக்குப் போறா, அதுக்காவது உதவும்."

அந்த வாரமே தென்னூர்ல ஒரு அபார்ட்மென்ட் செக்ரட்டரி போன் பண்ணினார். குடியரசு தினம், கொடியேத்தினதும் ஒரு பாட்டு வேணுமாம்.

"என்ன மாதிரி பாடுவீங்க சார்?"

"கண்ட்ரி பாட்டு சார்."

"ஆஹா, நாட்டுப் பாட்டு! நாங்க தேடினதே அதுதான் சார்!"

தென்னூர் இவ்வளவு முன்னேறிடுச்சான்னு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அன்னைக்கு வீட்டம்மாவை வண்டியில பின்னாடி உக்காரவெச்சு, கிட்டாரை அவ மடியில கொடுத்துக் கூட்டிட்டுப் போனேன். கொடியேத்தி, மிட்டாய் கொடுத்து எல்லாரும் சேர்ல உக்காந்தாங்க. செக்ரட்டரி மைக்குல, "அடுத்து, நாட்டுப் பாடல்!" அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் எழுந்து விறைப்பா நின்னுச்சு. முதல் வரிசைப் பெரியவர் ஒருத்தர் என்னைப் பாத்து, "தம்பி, தொப்பி. கொடி இருக்குல்ல?"ன்னார். கௌபாய் தொப்பியைக் கழட்டினேன். ரசிகர்கள் கேட்டா கழட்டணும்.

பாடினேன்.

"லால்குடி பஸ்ஸுல ஏறிட்டா
நாய்க்கும் டிக்கெட் வாங்கிட்டா..."

ஒருத்தரும் அசையல. ரெண்டு பேர் சல்யூட்ல இருந்தாங்க. மூணாவது வரிசையில என் பொண்டாட்டி, கைய ரெண்டு பக்கமும் ஒட்டிவெச்சு, நேரா நின்னுட்டிருந்தா. அவ சொந்த ஊரே லால்குடிதான். ரெண்டாவது வரி போச்சு, குக்கர் ஞாபகம் வரல. எனக்கு வந்த உற்சாகத்துல கடைசி அடியை மூணு தடவை பாடினேன். முடிச்சதும் செக்ரட்டரி கையை உயர்த்தி, "ஜெய் ஹிந்த்!"ன்னார். அறுபது பேரும் "ஜெய் ஹிந்த்!"

அப்பதான் எனக்கு லேசா உறைச்சுது.

பெரியவர் முட்டியைத் தேச்சுக்கிட்டே வந்தார். "குரல் நல்லாருக்கு தம்பி. ஆனா அந்த நாய் எந்தப் போராட்டத்துல வருது?"

"அது... லால்குடி பக்கம் நடந்ததுங்க."

"அடுத்த வருஷம் கொஞ்சம் சின்னதா பாடுங்க. தேசபக்தி இருக்கு, முட்டிதான் இல்ல."

வண்டியைக் கிளப்பினேன். அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், பந்தயத்துல ஜெயிச்சாச்சு இல்லையா. சிக்னல்ல நின்னப்ப மெதுவா திரும்பிக் கேட்டேன்.

"முழுசா கேட்டுட்டல்ல?"

"கேட்டேன்."

"அப்போ கிட்டார் நம்ம வீட்டுலதான்?"

பச்சை விழுந்துச்சு.

"நான் நின்னது கொடிக்குங்க. வண்டியைப் புத்தூருக்குத் திருப்புங்க."