நான் மொழிபெயர்க்காத தலைவலி

என் தங்கையின் கணவருக்கு இந்தி தெரியாது. எனக்குத் தெரியும், செய்தித்தாள் வேலையில் பல ஆண்டுகள் வடக்கே இருந்தவன். இமாச்சலத்தில் ஆறு நாள் பனிமலை நடைப்பயணத்துக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து போனபோது, வழிகாட்டி சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை வழிகாட்டிக்கும் எடுத்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

தங்கை கணவர் போலீஸ்காரர். அவருடைய அண்ணன்மார் இருவரும் ராணுவம். பனியில் காவல் நின்றவர்கள். இவரும் பதினெட்டு வயதில் ராணுவத் தேர்வுக்குப் போய், மார்பளவு போதாமல் திரும்பியவர். சாரல் காலத்தில் குற்றாலத்தில் பணி போடுவார்கள். அருவியில் தண்ணீர் கூடினால் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்ற வேண்டும். சிவகிரியில் ஒரு கல்யாணப் பந்தியில் மூத்த அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஏலே, நாங்க எதிராளிய வெரட்டுனோம். நீ ஜட்டியோட நிக்கவனை வெரட்டுத." பந்தியே சிரித்தது. கை கழுவும் இடத்தில் இவர் என்னிடம் வந்து, பனிமலைக்குப் போகலாமா என்று கேட்டார்.

மூன்று மாதம் விடியற்காலையில் பண்பொழி மலைக்கோயில் படிகளில் ஏறி இறங்கினோம். அவர் முதுகில் பத்துக் கிலோ அரிசிப் பை இருக்கும். என்னைவிட இரண்டு மடங்கு வேகம். உடல் தகுதியில் அவருக்குக் குறை எதுவும் இல்லை.

மலை அடிவாரத்து ஊரில் முதல் நாளே வழிகாட்டி எங்கள் குழுவில் எல்லோருக்கும் விதிகளைச் சொன்னார். முப்பத்தைந்து வயதிருக்கும், அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்தவர். மது கூடாது. குளிக்கக் கூடாது, தலை நனையவே கூடாது. தலை வலித்தால் உடனே சொல்ல வேண்டும். "மறைக்கிறவர்களைத்தான் நாங்கள் சுமந்து இறக்க வேண்டியிருக்கிறது" என்றார். எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன்.

"குளிக்காம எப்படி மச்சான் சோறு எறங்கும்?" என்றார் என் தங்கை கணவர்.

"ஆறு நாளுதான, பொறுத்துக்கிடுங்க மாப்ள."

"அஞ்சருவித் தண்ணியவிடவா இது குளுந்துறப் போவுது?"

எங்கள் பக்கத்தில் குளிர்ந்த தண்ணீரை மருந்தாக நினைப்போம். உடம்பு சரியில்லை என்றால் எண்ணெய் தேய்த்து அருவிக்குக் கீழே தலையைக் கொடுத்து நில், சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே வளர்ந்தவர்கள். அவர் மட்டுமல்ல, நானும்.

மூன்றாம் நாள் இரண்டாவது முகாமில் ஓய்வு. உயரத்துக்கு உடல் பழக வேண்டும் என்பதற்காக ஒரு நாள் அங்கேயே தங்க வைப்பார்கள். காலையில் நல்ல வெயில். வழிகாட்டி மறுநாள் போகும் பாதையில் பனி எப்படி இருக்கிறது என்று பார்க்க மேலே போயிருந்தார். இவர் பையிலிருந்து ஒரு சின்ன நல்லெண்ணெய்ப் புட்டியை எடுத்தார். தலையிலும் மார்பிலும் தேய்த்துக்கொண்டு, பனித்திட்டுக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்த ஓடையில் இறங்கினார். நான் தடுக்கவில்லை. வழிகாட்டி திரும்பி வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று முறை தலையை முழுக்கி எழுந்தார்.

"உசுரு வந்துட்டு மச்சான்" என்று சிரித்தார். மதியம் ஆறு ரொட்டி சாப்பிட்டார்.

அதன் பிறகு நடுங்கத் தொடங்கினார். தூக்கப்பைக்குள் படுத்தும் நடுக்கம் நிற்கவில்லை. நான்கு மணிக்கு, "மண்டைக்குள்ள உரல் இடிக்க மாரி இருக்கு" என்றார்.

ஆறு மணிக்கு வழிகாட்டி ஒவ்வொரு கூடாரமாக வந்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சிறு கருவியை விரலில் மாட்டிப் பார்ப்பார். சில கேள்விகள் கேட்டு நோட்டில் குறிப்பார். இவருக்கு எண் குறைவாக வந்தது. விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பார்த்தார். கொஞ்சம் கூடியது. கை குளிர்ந்திருந்தால் கருவி தப்பாகவும் காட்டும், அதனால் ஆள் சொல்வதும் முக்கியம் என்று என்னிடம் சொல்லிவிட்டு, "தலைவலி இருக்கிறதா?" என்று கேட்டார்.

நான் இவர் பக்கம் திரும்பினேன்.

"இல்லைன்னு சொல்லுங்க."

"மாப்ள, இது வெளையாட்டு இல்ல."

"வலின்னா எதனாலன்னு கேப்பாரு. குளிச்சது தெரிஞ்சிரும். காலைல கீழ பத்திவிட்ருவாரு. எங்க அண்ணனுவ மூஞ்சில நா எப்படி முழிக்க? சொல்லுங்க மச்சான், கும்பிடுதேன்."

வழிகாட்டி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன இவ்வளவு நீளமாகச் சொல்கிறார்?"

"வீட்டு நினைவாம்" என்றேன். "தலைவலி இல்லை."

அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். பொய் என்று தெரிந்த ஒரு வரியை நான் செய்தியில் எழுதியதில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வரிசையாகப் புறப்பட்டோம். நாங்கள் கடக்க வேண்டிய கணவாய்க்குக் கீழே இருந்த கடைசி முகாமுக்கு ஐந்து மணி நேர ஏற்றம். முழுக்கப் பனி. வழிகாட்டி முன்னால், அவருடைய உதவியாளர் கடைசியில், இவருக்குப் பின்னால் நான். முதல் அரை மணி நேரத்தில் மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. இடது கையுறையை வலது கையில் மாட்டியிருந்தார். முன்னால் போனவர்களின் கால் தடத்தில் மிதிக்காமல் பக்கத்தில் மிதித்தார். கால்களை அகட்டி வைத்து, படகில் நிற்பவர்போல நடந்தார். இடது பக்கம் சரிவு. கீழே கற்கள் தெரிந்தன.

"மாப்ள, வலிக்கா?"

"நல்லாத்தான் இருக்கேன்" என்றார். நாக்கு குழறியது.

நான் வரிசையை விட்டு விலகி முன்னால் ஓடினேன். அந்த உயரத்தில் ஓட்டம் என்பது நாலு எட்டு, ஒரு நிறுத்தம். வழிகாட்டியிடம் சொன்னேன்: அவருக்கு நேற்று நான்கு மணியிலிருந்து தலைவலி, நான் இல்லையென்று சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. கீழே இறங்கி வந்து, பனியில் கைத்தடியால் நேராக ஒரு கோடு இழுத்தார். குதிகாலை மற்றக் கால் விரலோடு ஒட்டி வைத்து அதன்மேல் நடக்கச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

இவருக்கு அது உடனே புரிந்தது. "குடிகாரனுக்கு வைக்கித டெஸ்ட எனக்கே வைக்காரா? நா எத்தன பேரை நடக்க வச்சிருக்கேன்!" என்று சிரித்தபடி கோட்டில் கால் வைத்தார். மூன்றாவது எட்டில் பக்கவாட்டில் விழுந்தார். எழுந்து மறுபடி முயன்றார். இரண்டாவது எட்டில் விழுந்தார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம், உடனே இறக்க வேண்டும் என்றார் வழிகாட்டி. மாத்திரை கொடுத்தார், சின்ன ஆக்சிஜன் உருளையும் கொடுத்தார். மற்றவர்களை விட்டுவிட்டு அவர் வர முடியாது. உதவியாளரும் நானும் முதல் முகாம்வரை இறக்க வேண்டும். "உட்கார விடாதீர்கள்" என்றார்.

இறங்கும்போது இவர் இருமுறை வாந்தி எடுத்தார். இரண்டாவது முகாமைத் தாண்டியதும் பனியில் உட்கார்ந்துவிட்டார். உதவியாளர் தூக்கினார், வரவில்லை.

"எந்திரிங்க மாப்ள."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏட்டையா, ரெண்டு நாளா டியூட்டி பாக்கேன். செத்த நேரம் படுத்துக்கிடுதேன்."

நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. என் தங்கைக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்ற வாக்கியம் மனதில் தானாக உருவாகத் தொடங்கியது. முதல் வரியில் யார், எங்கே, எப்போது. அதை நிறுத்த வேண்டியிருந்தது.

"எந்திலே!" என்று கத்தினேன். தங்கை கணவரை எங்கள் வீடுகளில் யாரும் 'லே' போட்டுக் கூப்பிட மாட்டார்கள். அவர் எழுந்து நின்றார். மேலதிகாரி கத்தியதாக நினைத்தாரோ என்னவோ. கையை இருபுறமும் பிடித்து, நிற்காமல் நடத்தினோம். பனி முடிந்து புல் வந்தது. மூன்றரை மணிக்கு முதல் முகாம்.

ஒரு மணி நேரம் கழித்து சூப் கேட்டார். பிறகு, "மச்சான்" என்று கூப்பிட்டார். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் கூடாரத்துக்கு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

"நேத்து நா சொல்லச் சொன்னா நீங்க அப்படியே சொல்லிருவீயளா?" என்றார். "எனக்குத்தான் மண்டை கலங்கிட்டு. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

அருவிக்கரையில் அவர் ஒருநாளும் யார் சொல்லியும் விசிலைக் கீழே வைத்தவர் இல்லை.

உதவியாளரின் வாக்கிடாக்கியில் வழிகாட்டியின் குரல் வந்தது. நான் வாங்கி, ஓடையில் குளித்தது, நான் காவல் நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். குளித்ததால்தான் வந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் தெரிந்திருந்தால் காலையில் மேலே கூட்டிப்போயிருக்க மாட்டேன் என்றார். பிறகு, "இப்போது நேராக நடக்கிறாரா?" என்று கேட்டார்.

இவரை எழுப்பினேன். புல்லில் குதிகாலும் விரலும் ஒட்டி நடந்தார். நான் எண்ணினேன்.

"எட்டு அடி நேராக நடந்தார்" என்றேன். "ஒன்பதாவதில் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தார். விழவில்லை."

"அப்படியானால் இருட்டுவதற்குள் அடிவாரத்து ஊருக்கே இறக்குங்கள்" என்றார் வழிகாட்டி.

"என்ன சொல்லுதாரு?" என்று இவர் கேட்டார்.

சொன்னேன். அவர் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார்.