நினைவில்லை என்ற பதில்

1987 மார்ச் 5, வியாழக்கிழமை. நாலே முக்காலுக்கு எழும்பினேன். தேநீர், இரண்டு துண்டு கறுப்புப் பாண். பாதையில் பனி இறுகிக் கிடந்ததால் சைக்கிளை விட்டுவிட்டு ஐந்து இருபது பேருந்தில் ஏறினேன். ஆறு மணிக்கு ஒடென்சேயின் பாண் தொழிற்சாலையில் என் இடத்தில் நின்றேன். சூட்டடுப்பிலிருந்து வரும் தட்டுகளை இறக்கி அடுக்குவது என் வேலை. ஒன்பது மணிக்குப் பதினைந்து நிமிட இடைவேளை. என் நாட்குறிப்பில் இவ்வளவும் இந்த ஒழுங்கிலேயே இருக்கின்றன. அதற்குப் பிறகுதான் எழுத்து சாய்ந்து போயிருக்கிறது.

இடைவேளை அறையில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் நேரப்படி அன்று விடியற்காலையில் அமெரிக்க ஜனாதிபதி தன் மக்களுக்கு உரையாற்றியிருந்தார். பணயக் கைதிகளுக்காக ஆயுதம் கொடுக்கவில்லை என்று சில மாதங்களுக்கு முன் உறுதியாகச் சொன்னவர், இப்போது சான்றுகள் அப்படித்தான் காட்டுகின்றன என்று ஒத்துக்கொண்டார். ஆனாலும் தன் நெஞ்சு அதை ஏற்கவில்லையாம்.

என்னோடு தட்டு இறக்கும் டேனிஷ்காரர், அறுபதை நெருங்கிய மனிதர், தன் பாணுக்கு வெண்ணெய் பூசியபடி சிரித்தார்.

"உன் அமெரிக்கா மன்னிப்புக் கேட்டுவிட்டது. இனிச் சந்தோசமா?"

"அது என் அமெரிக்கா இல்லை."

"நாலு மாதமாக அதைத்தானே பேசுகிறாய். விடப்பா. கிழவனுக்கு மறதி. நானும் தினமும் சாவியைத் தேடுகிறேன்."

"நீங்கள் சாவியைத் தேடலாம். அவர் ஒரு நாட்டுக்கு ஏவுகணை விற்றவர்."

"அப்படியானால் என் மனைவியைவிட நீதான் கண்டிப்பான ஆள்" என்று சொல்லிவிட்டுப் பாணைக் கடித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் செய்தியை நவம்பரிலிருந்து நாள்வாரியாகக் குறித்து வந்தவன் நான். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்றார்கள். அதில் வந்த பணத்தை, மத்திய அமெரிக்காவில் தங்கள் நாடாளுமன்றமே உதவக் கூடாது என்று தடுத்த ஒரு போருக்குத் திருப்பினார்கள். விசாரணை வருகிறது என்றதும் கடதாசிகளை இயந்திரத்தில் போட்டு நார்நாராகக் கிழித்தார்கள். முதல் ஆயுத அனுப்பலுக்கு நீங்கள் சம்மதித்தீர்களா என்று விசாரணைக் குழு கேட்டபோது ஜனாதிபதி முதலில் ஓம் என்றார். பிறகு இல்லை என்றார். கடைசியில் நினைவில்லை என்று எழுதிக் கொடுத்தார். மூன்று பதிலையும் குழு தன் அறிக்கையில் பதிந்தது. அவர் அதே மாளிகையில் இருந்தார்.

எழுபத்து நாலில் நான் யாழ்ப்பாணத்தில் காணிப் பதிவுக் கந்தோரில் வேலை. அப்போது ஒரு அமெரிக்க ஜனாதிபதி தன் அறையில் பதிந்த ஒலிநாடாவினாலேயே பதவி விலகினார். பதிவு ஒன்று ஆளை வென்றுவிட்டது என்று கந்தோரில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். அந்த நம்பிக்கையைத்தான் பதின்மூன்று வருடம் கழித்துப் பாண் தட்டுகளுக்கு நடுவில் இழந்துகொண்டிருந்தேன்.

இதில் என் கோபத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. அது வீட்டில், வரவேற்பறைச் சோபாவில் படுத்திருந்தது. என் மனைவியின் தம்பி. முப்பத்தொரு வயது. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். எண்பத்தைந்தில் ஒரு மாலை வேலை முடிந்து வாசலுக்கு வந்தபோது இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. ஏழு வாரம் வைத்திருந்தார்கள். இடது கையை இன்றும் தோளுக்கு மேல் தூக்க அவரால் முடியாது.

டென்மார்க் பொலிஸ் விசாரணையில் எந்தத் திகதியில் பிடித்தார்கள் என்று கேட்டார்கள். நினைவில்லை என்றார். உண்மை அதுதான். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கைது செய்யப்பட்ட நாளையே சொல்ல முடியாதவரின் கதை நம்பத்தக்கதல்ல என்று கடிதத்தில் இருந்தது. மேல்முறையீடு அடுத்த செவ்வாய்க்கிழமை. அதுவும் தவறினால் திருப்பி அனுப்புவார்கள்.

மேல்முறையீட்டுக்கான வாக்குமூலத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். "இனிமேல் நினைவில்லை எண்டு சொல்லாதையும். யோசியும்" என்று அவரைப் போட்டு நெருக்கினேன். தீபாவளிக்குக் கொஞ்சம் முந்தி என்றார். எத்தனை நாள்? இரண்டு கிழமை இருக்கும். என்ன கிழமை? திங்களாய் இருக்கலாம். நான் கணக்குப் போட்டேன். 1985 அக்டோபர் 28, திங்கட்கிழமை. அதை எழுதி, அவரைக் கையெழுத்துப் போட வைத்து, வழக்கறிஞரிடம் கொடுத்தேன். கிழமை சரிதானா என்று இரண்டு தரம் பார்த்தேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

வியாழன் மாலை ஏழரைச் செய்தியில் ஜனாதிபதி மேசைக்குப் பின்னால் அமர்ந்து பேசுவதைக் காட்டினார்கள். நல்ல தெளிவான முகம்.

"மூண்டு தரம் மாத்திச் சொல்லிப்போட்டு எப்பிடி இருக்கிறார் பாருங்கோ, அத்தான்" என்றார் மைத்துனர். "நான் ஒருதரம் நினைவில்லை எண்டதுக்குப் பொய்யனாம்."

"அதுதானே திகதி குடுத்தாச்சு."

"ஓம். அக்டோபர் இருபத்தெட்டு. பாடமாக்கி வைச்சிருக்கிறன். தீவாளிக்கு ரெண்டு கிழமைக்கு முந்தி."

சோறு போட்டுக்கொண்டிருந்த மனைவி அகப்பையோடு நின்றுவிட்டாள்.

"தீவாளிக்கு ரெண்டு கிழமைக்கு முந்தியோ? அது பறுவமெல்லோ."

நானும் மைத்துனரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது. அங்கிருந்து பதினான்கு நாள் பின்னுக்குப் போனால் முழுநிலா. பறுவ நாளில் இலங்கையில் போயா விடுமுறை. ஒரு கந்தோரும் திறக்காது. கச்சேரியில் வேலை முடித்து வாசலுக்கு வந்தேன் என்று அவர் கையெழுத்துப் போட்ட அந்த நாளில் கச்சேரி பூட்டிக் கிடந்திருக்கும்.

"நான் என்ன சமைச்சன் எண்டுகூட எழுதி வைக்கிற மனுசன்" என்றாள் மனைவி. "மாசத்திலை ஒருநாள் நான் விரதம் பிடிக்கிறது கண்ணுக்குப் படேல்லை."

யாழ்ப்பாணத்தில் எழுதிய நாட்குறிப்புகளைப் புறப்படுவதற்கு முதல் நாள் எரித்திருந்தேன். சோதனைச் சாவடியில் எழுத்து என்றாலே ஆபத்து. பார்த்துச் சரி பிழை சொல்ல ஒன்றுமில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

"ஆருக்குத் தெரியப் போகுது? விடுங்கோ" என்றாள் மனைவி மெல்ல. "இஞ்சத்தை ஆக்களுக்குப் பறுவம் எண்டால் என்னெண்டு தெரியுமே?"

அவள் சொன்னது நியாயம். யாரும் கண்டுபிடிக்காமல் போக நிறைய இடமிருந்தது. திருத்தினால் நிலைமை இன்னும் மோசம். முதலில் நினைவில்லை, பிறகு திட்டமான திகதி, பிறகு மறுபடி நினைவில்லை. தொலைக்காட்சியில் இருந்தவரின் மூன்று பதில்களைப்போல இவருக்கும் மூன்று. அவரை யாரும் எங்கும் திருப்பி அனுப்பப் போவதில்லை. என் எரிச்சல் முழுவதும் அந்த ஒரு கணக்கில் வந்து நின்றது. அதைவிட எரிச்சல், உண்மையைச் சொன்ன மனிதனின் வாயில் பொய்யை வைத்தவன் நான் என்பது. நினைவில்லாத இடத்தைத் துப்புரவாக இருக்க வேண்டும் என்று நான்தான் நிரப்பினேன்.

"நீர் சொல்லும்" என்றேன் மைத்துனரிடம். "உம்மடை வழக்கு."

அவர் தட்டில் சோற்றைப் பிசைந்தார்.

"பறுவம் எண்டு தெரியாட்டில் சொல்லியிருப்பன், அத்தான். இனி அந்தக் கதிரையிலை இருந்து சொல்லேக்கை நாக்குப் புரளும். எனக்கு நடந்ததை அவை நம்பாட்டிலும் நான் நம்ப வேணுமெல்லோ."

"அனுப்பிப்போடுவாங்களடா" என்றாள் மனைவி.

"அனுப்பினாலும் நடந்ததைச் சொன்னதுக்கு அனுப்பட்டும்."

தொலைக்காட்சியை நிறுத்தினேன். பதிவுக் கந்தோரில் பிழையான சொல்லை அழிக்க மாட்டோம். வாசிக்கக்கூடியதாக ஒரு கோடு மட்டும் கிழித்து, திருத்தியவர் ஓரத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அப்படியே ஒரு கடிதம் எழுதினேன். அந்தத் திகதி விண்ணப்பதாரரின் நினைவிலிருந்து வந்ததல்ல, நான் கணித்தது, அன்று விடுமுறை, எனவே பிழை என்று. மைத்துனர் முதலில் சொன்ன பதிலையே ஏற்கும்படி கேட்டு, என் பெயரையும் முகவரியையும் போட்டேன். ஒரு பக்கத்துக்கும் குறைவு. மனைவி அதை வாசிக்க மறுத்தாள். மூன்று தட்டிலும் சோறு மிச்சம்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு முதல் வேலையாகத் தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்தேன். மேற்பார்வையாளர் தூக்கக் குரலில், சுகமில்லையா என்று கேட்டார். ஓம் என்று சொல்ல வாய் திறந்தது. சுகமாக இருக்கிறேன், நான் பிழையாக எழுதிய ஒன்றைத் திருத்த வழக்கறிஞரிடம் போக வேண்டும், அதற்கு ஒரு நாள் வேண்டும் என்றேன். விடுப்புப் பதிவேட்டில் அதை எந்தப் பத்தியில் பதிவது என்று அவர் கேட்டார்.