நெவில் விட்டுப்போன பீர்

நெவில் பர்டன் வீட்டை விட்டுப் போன அன்று நாயைக் கூட்டிக்கொண்டு போனான். பீரைக் கொண்டுபோக முடியவில்லை. துணி துவைக்கும் அறையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பீப்பாய் நிறைய அது புளித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் காரில் ஏற்றி மலைப்பாதையில் குலுக்கிக்கொண்டு போனால், அவன் குடிபோகிற பர்னி நகரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டியெல்லாம் நுரையாகிவிடும். ஆகவே பீரும் அவன் மனைவி க்ளெனிஸும் எங்கள் ஊரான ரோஸ்பெரியிலேயே இருந்தார்கள்.

வேறு பெண் யாரும் இல்லை. சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. "கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கணும்" என்றான். முப்பது வருடக் கல்யாணத்துக்கு அவன் கொடுத்த விளக்கம் அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் செய்தி பரவ ஒரு மதியம் போதும். க்ளெனிஸ் பள்ளிக்கூட கேன்டீனில் வேலை பார்த்தாள். மறுநாள் அவள் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தை எடுத்துக் கொடுத்தபோது, வரிசையில் நின்ற பிள்ளைகள்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் வீட்டுக்கு யாரும் போகவுமில்லை. மழை வேறு விடாமல் பெய்தது.

அந்த வாரக் கடைசியில் நெவில் போன் செய்தான்.

"பீரைக் கொட்டிடலியே?"

"இல்ல."

"கொட்டிடாத. பொங்குறது அடங்கினதும் பாட்டில்ல அடைச்சு வை. தயாரானதும் நான் வந்து எடுத்துக்கறேன்."

அந்த 'வந்து' என்ற ஒரு சொல்லை க்ளெனிஸ் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பீர் கெட்டுப்போனால் அவன் இந்தப் பக்கம் வர ஒரு காரணமும் இல்லை. நன்றாக வந்தால் ஒரு சாயங்காலமாவது இந்த வாசலில் நிற்பான். நின்றவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்க அவளுக்குத் தெரியும்.

தெரியாதது பீர்தான். அந்த வீட்டில் பாட்டிலில் அடைப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. நெவிலும் அவனோடு சுரங்கத்தில் இருந்த மெர்வும் செய்வது. கதவைச் சாத்திக்கொள்வார்கள். உள்ளே ரேடியோவில் கிரிக்கெட் ஓடும், சுத்தியல் சத்தம் கேட்கும், சிரிப்பு கேட்கும். க்ளெனிஸ் சாண்ட்விச் தட்டை உள்ளே வைத்துவிட்டுக் கதவை மறுபடி சாத்துவாள். அறைக்குள் நின்று பார்த்ததே இல்லை.

அதனால் போன் செய்து கேட்டாள். ஒரு தடவைக்கு ஒரே கேள்வி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டால் அடுத்த நாள் கூப்பிடச் சாக்கு இருக்காது.

"சர்க்கரை எவ்வளவு?"

"பாட்டிலுக்கு ஒரு டீஸ்பூன்."

"தட்டையாவா, குவிச்சா?"

"தட்டைக்குக் கொஞ்சம் மேல, குவியலுக்குக் கீழ. ஜாஸ்தி போட்டியோ பாட்டில் வெடிக்கும். வெந்நீர்த் தொட்டி அலமாரியிலதான் வைக்கணும், அங்க என் சட்டையெல்லாம் இருக்கு, பாத்துக்க."

"உன் சட்டையை நீ எடுத்துட்டுப் போயிருக்கலாமே."

அந்தப் பக்கம் நாய் குரைத்தது. "வேற என்ன?" என்றான்.

"வேற நாளைக்கு" என்று வைத்துவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை ஆரம்பித்தாள். பழுப்பு பாட்டில்களைச் சலவைச் சோடா போட்டுத் தேய்த்து, கொதிநீரில் அலசிக் கவிழ்த்து வைத்தாள். சர்க்கரை போட்டாள். பீப்பாயின் குழாயைத் திறந்து, நுரை எழாதபடி பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து நிரப்பினாள். அதுவரை சிரமமில்லை. தகர மூடி போடுகிற இடத்தில்தான் மாட்டிக்கொண்டாள். மூடியைப் பாட்டில் வாயில் வைத்து, அதன்மேல் ஓர் இரும்புக் கிண்ணத்தைக் கவிழ்த்து, சுத்தியலால் அடிக்க வேண்டும். ஒருவர் பாட்டிலையும் கிண்ணத்தையும் பிடிக்க, இன்னொருவர் அடிக்கிற வேலை அது.

முதல் பாட்டில் சாய்ந்து, கழுத்து உடைந்தது. பீர் தரையெல்லாம் ஓடியது. இரண்டாவதில் மூடி கோணலாக உட்கார்ந்தது. க்ளெனிஸ் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். தரையில் துண்டை நாலாக மடித்துப் போட்டு, பாட்டிலை அதில் நிறுத்தி, முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டாள். இடது கையில் கிண்ணம், வலது கையில் சுத்தியல்.

"புடி" என்றாள். பிறகு, "அடி."

சாத்திய கதவு வழியாக இத்தனை வருடம் கேட்ட இரண்டு சொற்கள். மெர்வ் 'புடி' என்பான், நெவில் 'அடி' என்பான். அன்றைக்கு இரண்டையும் அவளே சொன்னாள். முதலில் வெட்கமாக இருந்ததாம். பத்துப் பாட்டில் ஆனபோது வெட்கம் போய்விட்டது. கடைசிப் பாட்டில் வரை சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெந்நீர்த் தொட்டி இருக்கிற அலமாரியில், துணிகளை ஒதுக்கிவிட்டுப் பாட்டில்களை அட்டைப் பெட்டிகளில் அடுக்கினாள். அங்கேதான் வெதுவெதுப்பு. பிறகு காத்திருப்பு. கேன்டீனிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் திறந்து பார்ப்பாள். ஒன்றும் வெடிக்கவில்லை. அவன் சட்டைகள் காய்ந்தே இருந்தன.

இரண்டு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள். "ஆயிடுச்சு."

"அப்ப சரி. சனிக்கிழமை" என்றான்.

சனிக்கிழமை ஆப்பிள் கேக் செய்தாள். தலைமுடியைச் சுருட்டி விட்டுக்கொண்டாள், உதட்டுச் சாயம் போட்டாள். பெட்டிகளை வாசல் வரை இழுத்து வைத்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்தாள். மெர்வுடைய வெள்ளை வண்டி. பக்கத்து இருக்கை காலி.

"பல்லு டாக்டரைப் பாக்க பர்னிக்குப் போறேன்" என்றான் மெர்வ், தொப்பியில் இருந்த மழைநீரை உதறியபடி. "போற வழியில பெட்டியை ஏத்திட்டு வந்துடுன்னான் உன் ஆளு."

"அவன் வரலியா?"

"என்கிட்ட சொன்னது இவ்வளவுதான், க்ளென்." மெர்வ் அவள் உதட்டையும் கேக்கையும் பார்த்தான். பிறகு சட்டென்று பெட்டிப் பக்கம் திரும்பினான். "ஒண்ணை உடைச்சுப் பாக்காம ஏத்த மாட்டேன். உள்ள சோப்புத் தண்ணி இருந்தா என்னைத்தான் திட்டுவான்."

மூடி 'உஸ்' என்று கழன்றது. கிளாஸில் வெள்ளையாக நுரை ஏறி நின்றது. ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான்.

"அடிப்பாவி! இவ்வளவு நாளா உன்னை சாண்ட்விச் செய்ய விட்டுட்டு, நாங்க ரெண்டு கழுதையும் உள்ள என்ன பண்ணிட்டிருந்தோம்?"

"நல்லாருக்கா?"

"அவன்கிட்ட சொல்லாத. அவனோடதைவிட நல்லாருக்கு."

குனிந்து முதல் பெட்டியைத் தூக்கப் போனான். க்ளெனிஸ் பெட்டிமேல் கையை வைத்தாள்.

"இன்னும் தயாராகலன்னு சொல்லு, மெர்வ்."

"என்னது?"

"இன்னும் ஒரு மாசம் ஆகும்னு சொல்லு. அப்புறம் அவனையே வந்து பாக்கச் சொல்லு."

மெர்வ் கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். பீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. அடியிலிருந்து குமிழிகள் சரம்சரமாக ஏறிக்கொண்டிருந்தன. அன்றைக்கு அதைவிட நல்ல பீர் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் இருந்திருக்காது என்று பிறகு என்னிடம் சொன்னான்.

"ஆமா" என்றான் க்ளெனிஸிடம். "கலங்கலாத்தான் இருக்கு. இன்னும் ஆகல." கிளாஸைக் காலி செய்து வைத்தான்.

"கேக் சாப்பிட்டுட்டுப் போயேன்."

"டாக்டர் காத்துக்கிட்டிருப்பாரு, க்ளென்."

வண்டி திருப்பம் தாண்டும்வரை வாசலில் நின்றாள். பிறகு பெட்டிகளை ஒவ்வொன்றாக அலமாரிக்குத் திரும்ப இழுத்துக்கொண்டு போனாள்.