ஒன்பதை இருபத்துநாலு என்று எழுதியவர்

06.11.2022 – 40
07.11.2022 – 110
08.11.2022 – 300
08.11.2022 – 31
10.11.2022 – 60,000

நான்காவது எண் மட்டும் இணையத்தில் வந்த பதில்களின் எண்ணிக்கை. மற்றவை எல்லாம் செத்த இறால்கள். கடைசி எண் உத்தேசம்.

இதைக் குறித்துவைத்த ஜமாலுதீனுக்கு வயது அறுபத்தெட்டு. கடலூரில் தண்ணீர் சோதிக்கும் கூடமொன்றில் முப்பத்து மூன்று ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது சிதம்பரத்தில் இருக்கிறார். இறால் வளர்ப்பவர்களுக்கான இணையக் குழு ஒன்றில் ஆறு ஆண்டுகளாகப் பதில் எழுதிவந்தார். அதில் அவர் கண்ட லாபம் கோபம் ஒன்றுதான்.

ஒருவன் "இறால் சாகுது, என்ன போடலாம்?" என்று மட்டும் கேட்பான். எத்தனை நாள் இறால், தண்ணீரில் எவ்வளவு உப்பு, மழையா வெயிலா, ஒன்றும் இருக்காது. கீழே முப்பது பேர் முப்பது மருந்து சொல்வார்கள். ஒருவன் "இன்பாக்ஸ் வாங்க" என்பான். அவன் மருந்து விற்கிறவனாக இருப்பான். மூன்றாம் நாள் கேட்டவனே வந்து "சரியாயிடுச்சு, நன்றி" என்று எழுதுவான். எதனால் சரியானது என்று எழுதமாட்டான். ஜமாலுதீன் செல்போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவார்.

"யாரு மேலயோ இருக்கிற கோவத்த நாற்காலி மேல காட்டாதீங்க. அது ஒங்கள ஒண்ணும் கேக்கல," என்பார் மனைவி சர்புன்னிசா.

நவம்பர் எட்டாம் தேதி வந்த கேள்வி அப்படிப்பட்டதல்ல. 'கடல் நண்பன்' என்ற பெயரில் வந்தது. இராமநாதபுரம் பக்கத்துக் குட்டை, அறுபத்திரண்டு நாள் இறால், உப்பு ஆயிரத்துக்கு இருபத்துநாலு, மழை இல்லை, தோலுரித்த இறால் விடியற்காலையில் மேலே வந்து சாகிறது. மூன்று நாள் சாவுக் கணக்கும் இருந்தது. முடிவில், "ஜமாலுதீன் சார் சொன்னால் போதும்" என்றும் இருந்தது.

யார் கேட்டாலும் மூன்று கேள்வி திருப்பிக் கேட்காமல் அவர் பதில் எழுதியதில்லை: உப்பை எதில் அளந்தீர்கள், எப்போது அளந்தீர்கள், ஓடைத் தண்ணீரில் உப்பு எவ்வளவு? அன்று கேட்கவில்லை. "நாலில் ஒரு பங்கு தண்ணீரை வெளியேற்றி, ஓடையிலிருந்து புதுத் தண்ணீர் விடவும்" என்று பத்து நிமிடத்தில் எழுதினார். முப்பத்தோராவது பதில் அதுதான்.

பத்தாம் தேதி, செத்து மிதக்கும் இறால்களின் படம் வந்தது. "ஜமாலுதீன் சொன்னதைச் செய்தேன். எல்லாம் போச்சு. இவரை நம்பாதீர்கள்."

பன்னிரண்டாம் தேதி, கிள்ளையில் டீசல் என்ஜின் விற்கும் அக்காள் மகன் உபைதுல்லா போன் செய்தான்.

"மாமா, அது ராமநாதபுரமும் இல்ல ஒண்ணுமில்ல. பிச்சாவரத்துக்கிட்ட கலியமூர்த்தின்னு ஒருத்தர் குட்டை. படத்துல நிக்கிற என்ஜின் நான் வித்தது."

"அங்க பத்து நாளா மழ கொட்டுதேடா!"

"அதான் மாமா."

மழையில் உப்பு குறைந்துதான் அந்த இறால்கள் செத்திருக்கின்றன. ஓடையிலும் அப்போது ஓடியது மழைத் தண்ணீர். அதையே கொண்டுவந்து ஊற்றச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை முதல் பஸ். கலியமூர்த்தி குட்டைக் கரையில் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தார்.

"உப்பு எவ்ளோ இருந்துச்சு?"

"யாரு நீங்க?"

"ஜமாலுதீன்."

கலியமூர்த்தி கையை லுங்கியில் துடைத்தார். "ஒம்பது, பாய்."

"ஒம்பது எப்பிடி இருவத்துநாலாச்சு?"

"குழுவுல நம்மூரு ஆளுங்க அம்பது பேரு இருக்காங்க. ஒம்பதுன்னு போட்டா மழ பெஞ்ச ஊருன்னு தெரிஞ்சிடும். குட்டையில நோவுன்னு யாவாரி காதுல வுழுந்தா கிலோவுக்கு நூறு ரூவா கொறைப்பான். பக்கத்துக் குட்டைக்காரன், ஒன் தண்ணிய ஓடையில வுடாதன்னு கம்ப தூக்கினு வருவான். இங்க எல்லாருமே மாத்திதான் கேப்போம்."

"ஊர மாத்து. பேர மாத்து. உப்ப ஏன்யா மாத்துன? டாக்டருகிட்ட வயித்துவலிய கால்வலின்னு சொல்லிட்டு, மருந்து கேக்கலன்னு அவரு வாசல்ல நின்னு கத்துவியா?"

"நீங்க திருப்பிக் கேட்டீங்களா, பாய்? எல்லாரையும் மூணு கேள்வி கேப்பீங்க. என்னை ஒண்ணு கேட்டிருந்தாலும் மாட்டியிருப்பேன்."

அது நியாயம். நியாயமாக இருந்ததாலேயே ஜமாலுதீனுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"கேக்காதது என் தப்பு. இன்னிக்கே எழுதுறேன். உண்மையான உப்ப நீ அதுக்குக் கீழ எழுது. நாளைக்கு வேற ஒருத்தன் படிப்பான்."

"இன்னும் ரெண்டு குட்டை இருக்கு. அறுவடை ஆவட்டும், பாய்."

ஜமாலுதீன் தம் தவறை அன்றே எழுதினார். ஒன்பது என்பதை மட்டும் எழுதவில்லை. கேட்டவர் மறைத்ததை மற்றவர் வெளியிடக் கூடாது என்பது குழுவின் விதி. அதை எழுதிக் கொடுத்தவரே அவர்தான்.

டிசம்பரில் மணவாளன் என்பவர் எழுதினார். உண்மையாகவே இராமநாதபுரத்துக்காரர், உண்மையாகவே உப்பு இருபத்துநாலு. தண்ணீர் மாற்றியிருந்தால் பிழைத்திருக்கும். "தண்ணீர் மாற்றினால் சாகும் என்று இங்கே படித்தேன். மாற்றவில்லை. குட்டை போய்விட்டது."

அன்று ஜமாலுதீன் சாப்பிடவில்லை. கலியமூர்த்தி அவர் எண்ணைத் தடுத்துவைத்திருந்தார். மணவாளன் எழுதியதை அப்படியே நகலெடுத்துத் தபாலில் அனுப்பினார். "அறுவடை முடியட்டும்" என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். "யாவாரி பணம் தரட்டும்" என்று வந்தது. மூன்றாவது முறை ஒரே வரி எழுதினார்: "அடுத்து யாருடைய குட்டை சாகவேண்டும் என்று காத்திருக்கிறீர்கள்?"

அதற்கு வந்த கடிதத்தில், குட்டை நோட்டிலிருந்து கிழித்த தாள் இருந்தது. எட்டாம் தேதி: குட்டையில் உப்பு ஒன்பது, ஓடையில் இரண்டு, பலத்த மழை. கீழே கையெழுத்து. "என் பேரோடவே போடுங்க, பாய். திட்டுறவங்க என்னைத் திட்டட்டும்."

ஜமாலுதீன் அதைப் படமெடுத்து, தம் பதிலுக்கு நேர் கீழே போட்டார். நன்றி என்று எழுதவில்லை. "குட்டை செத்த பத்தாம் தேதியிலிருந்து அறுபத்தொன்பது நாள் தாமதம்" என்று மட்டும் எழுதினார்.

அந்தக் கடைசிக் கடிதம் வந்த தேதி 18.01.2023, புதன்கிழமை.