கண் வரவில்லை, ஆனாலும் அம்மா பதில் சொன்னாள்

மாரியம்மனை நம்பி இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் பழனியம்மாள். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறேன். இனிக்க இனிக்கப் பேச எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சிலருக்குச் சுடும். சுடட்டும்.

ஆறு வருடத்துக்கு முன்பு, தை மாதம். பழம் பறிக்க வளைத்துப் பிடித்த கிளை கை நழுவி விசிறி அடித்தது. வலது கண்ணில் பட்டது. சேலம் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தேன். இனி அந்தக் கண்ணில் பார்வை வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒற்றைக் கண்ணோடு பழகுவது லேசில்லை. டீ ஊற்றினால் டம்ளருக்கு வெளியே விழும். சரிவில் கால் வைத்தால் தரை எங்கே இருக்கிறது என்று பிடிபடாது. இருந்தும் மாசியில் வேலைக்குப் போனேன். காலையில் பேர் கூப்பிடும் இடத்தில், நாற்பது பேர் முன்னால், கணக்கு எழுதி வேலை பிரித்துக் கொடுக்கும் எஸ்டேட் ரைட்டர் என்னை நிறுத்தினார்.

“ரெண்டு கண்ணு இருக்கறவளுகளே பச்சைக் காயப் பறிச்சுப் போடறாளுக. உன்னைய வெச்சுட்டு நான் என்ன பண்றது? ஊட்டுல இரு, போ.”

அவர்கள் தோட்டத்துக் கிளை அடித்துப் போன கண் அது. அவர்கள் வேலையில் போன கண். “அய்யோ பாவம்” என்று ஒரு வார்த்தை இல்லை.

வீட்டுக்காரர் ராசு பாசமாகத்தான் சொன்னார். “நீ ஒண்ணும் செய்ய வேண்டாம் புள்ள. நான் பாத்துக்கறேன்.” அந்தப் பாசமும் எனக்குக் கத்தி மாதிரி இருந்தது.

எல்லாவற்றையும்விடப் பங்குனித் திருவிழாவில் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மாவிளக்குத் தட்டோடு கிளம்பி நின்றேன். “ஏனுங்க அக்கா, இந்த வருசம் நீங்க எடுக்க வேண்டாமுங்க. குறையோட எடுத்தா ஊருக்கு ஆகாதுங்க.” சொன்னவர் இன்றைக்கு இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மா உங்களிடம் வந்து சொன்னாளா? நீங்களாகச் சொன்னதற்கு அவள் பெயரை ஏன் இழுத்தீர்கள்?

கேட்டுக் கேட்டு நானும் அதை நம்பிவிட்டேன். நான் உதவாதவள். சோற்றுக்குப் பாரம். வெளியே போவதை நிறுத்தினேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்தே நாள் போயிற்று. ஆடியில் வெள்ளிக் கண்மலர் வாங்கிச் சாத்தி அழுதேன். கண் வரவில்லை.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், ஆளில்லாத நேரம் பார்த்துக் கோயிலுக்குப் போனேன். அபிஷேகத்துக்கு மஞ்சள் அரைக்க உட்கார்ந்தேன். அரைக்க அரைக்கக் கோபம் பொங்கியது. வாய்விட்டே கத்தினேன். “ஏந்தாயி, எனக்கு என்னதான் மிச்சம் வெச்சிருக்கறே? இருந்தாச் சொல்லு!”

கண்ணை மூடி அழுதுகொண்டே மஞ்சளை விரலில் தேய்த்துப் பார்த்தேன். ஒரு பக்கம் வெண்ணெய். ஒரு பக்கம் இன்னும் நறநறப்பு. கண் திறக்காமலே தெரிந்தது. அப்படியே உறைந்து போனேன். இந்தக் கை எத்தனை வருடம் எஸ்டேட் தொட்டியில் கிடந்த கை! இந்த ரைட்டர் வருவதற்கு முன்பு, பழம் உரிக்கும் கொட்டகையில் பதினோரு வருடம் கொட்டை கழுவியவள் நான். போனதையே எண்ணி எண்ணி இருப்பதை மறந்திருந்தேன். கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அம்மா காலில் விழுந்தேன்.

மறுநாளே கொட்டகைக்குப் போய் வேலை கேட்டேன். ரைட்டர் சிரித்தார். அதற்கும் காரணம் இருந்தது. தோல் உரித்த கொட்டையைத் தொட்டியில் ஊறவிட்டு, மேலே ஒட்டியிருக்கும் கொழகொழப்பு கழன்றதும் கழுவ வேண்டும். அவர் அதைக் கடிகாரம் பார்த்துச் செய்தார்; தொட்டுப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் எதற்கு என்பது அவர் நினைப்பு.

மார்கழிக் குளிர் அவருடைய கடிகாரத்துக்குக் கட்டுப்படவில்லை. முதலில் விற்பனைக்குப் போன காபி கறையும் நாற்றமுமாகத் திரும்பி வந்தது. முதலாளி வந்தார். “பொம்பளைங்க சரியாக் கழுவலைங்க” என்றார் ரைட்டர். தொட்டியில் கழுவும் ஆறு பெண்களையும் வேலையிலிருந்து நிறுத்தப் போவதாகப் பேச்சு. கொட்டகை வாசலில் நின்று கேட்ட எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூப்பிடாமலே உள்ளே போனேன். தொட்டியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துத் தேய்த்தேன்.

“மொதலாளி, அவிங்க மேல தப்பில்லைங்க. இன்னும் வழவழன்னு இருக்குதுங்க. குளுருக்கு நொம்ப நேரம் ஊறோணுமுங்க. இப்பக் கழுவுனா இதுவும் கெட்டுருமுங்க.”

“ஒத்தக் கண்ணி சொல்றதையா கேக்கறீங்க?” என்றார் ரைட்டர்.

“கண்ணுல பாக்கறதில்லைங்க இது!” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. முதலாளியும் கையை விட்டுப் பார்த்தார். “நீயே சொல்லும்மா, எப்பக் கழுவலாம்?”

மறுநாள் காலை பத்து மணிக்கு, கொட்டை கைக்குள் கூழாங்கல் மாதிரி நறுக் நறுக்கென்றது. “இப்பக் கழுவுங்க” என்றேன். காய்ந்து வந்தபோது ஒரு கறை இல்லை. ஆறு பேருக்கும் வேலை நிலைத்தது. அன்றிலிருந்து தொட்டி என் பொறுப்பு. ரைட்டர் இன்றுவரை ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மா அவரிடம் கண்டிப்பாகக் கணக்குக் கேட்பாள்.

எனக்கு இன்னும் ஆறாத ஒரு கோபம் உண்டு. என் கையும் போயிருந்தால்? திறமையைக் காட்டினால்தான் மனுஷியா? இல்லை. அதை நன்றாக மனதில் வையுங்கள். ஆனால் “உன்னால் ஆகாது” என்று ஊரே சொல்லும்போது அதை நாமே நம்பிவிடுவதுதான் பெரிய பாவம். என்னை அதிலிருந்து அம்மா தூக்கிவிட்டாள். அவளுக்குக் கோடி நன்றி.

போன வாரம் பக்கத்து ஊர் செம்மநத்தத்திலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். பஸ் விபத்தில் கால் ஊனம். “என்னால எதுவும் ஆவாதுங்க” என்று தலை குனிந்தே நின்றாள். அம்மா சந்நிதியில் உட்கார வைத்து, “உனக்கு என்ன நல்லா வரும், கண்ணு? அவகிட்டச் சொல்லு” என்றேன். பிறகு மெதுவாக, “நாத்து நல்லா வளப்பனுங்க. நான் வெச்சது ஒண்ணுகூடப் பட்டுப் போவாதுங்க” என்றாள். சொல்லும்போதே நிமிர்ந்தாள்.

நீங்களும் வாருங்கள். அழுகையோடு வாருங்கள், சண்டை போடக்கூட வாருங்கள். அவள் கேட்பாள். அந்தப் பெண் திங்கட்கிழமை எங்கள் எஸ்டேட் நாற்றங்காலில் வேலைக்குச் சேர்கிறாள்.