சிவப்பு மையில் எழுதிய பெயர்

தாகம் என்று சொன்னால் இந்த ஊரில் கொதிக்கிற தண்ணீரைத்தான் கொடுப்பார்கள். காய்ஷுயி என்று பெயர். வேர்த்து ஒழுகும் வெயில் காலத்திலும் அதுதான். வந்த புதிதில், எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துவிட்டார்களோ என்று பயந்து நெற்றியை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிறகு ஒரு பழைய போஸ்ட் கார்டில் பார்த்தேன்: ரயில் நிலையத்தில் ஆவி பறக்கும் ஒரு குழாய், பூப்போட்ட பிளாஸ்க்குகளோடு நீண்ட வரிசை. எல்லோருமே இப்படித்தானா என்று அப்புறம்தான் மூச்சு வந்தது.

நான் பாகூர்க்காரன். எட்டாவதோடு படிப்பு நின்றது. சீனாவில் யிவூ என்கிற சந்தை நகரத்தில், நம்மூர் வியாபாரிகள் வந்து சாப்பிடும் ஓட்டலில் தோசை மாஸ்டர். இவர்கள் எழுத்தில் ஒரு கோடுகூட எனக்குப் பிடிபடாது. அதனால் பழைய சாமான் சந்தையில் போஸ்ட் கார்டுகளைப் பொறுக்கி வந்து, படம் பார்த்தே இந்த நாட்டைப் படித்தேன். ஒரு கார்டில் பனியில் விளையாடும் குழந்தைக்குக் கால்சட்டை பின்னால் பிளந்திருந்தது. பாவம், ஏழைப் பிள்ளை என்று வருத்தப்பட்டேன். எங்கள் ஓட்டலில் பாத்திரம் கழுவும் லியூ அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். உட்கார்ந்ததும் வெளிக்குப் போக வசதியாக அப்படித்தான் தைப்பார்களாம். போனில் என் மனைவி செல்விக்கும் சிரிப்புதான்: “ஊரே சீனாவுலேர்ந்து போனு, டிவின்னு எடுத்தாருது. நீ இன்னாய்யா, அட்டை பொறுக்கினு கெடக்குற?”

எங்கள் பக்கம் நல்ல சேதி எதுவானாலும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவாமல் கையில் கொடுக்க மாட்டோம். என் கல்யாணத்தின்போது ஒரு கட்டுப் பத்திரிகை மஞ்சள் இல்லாமலே வில்லியனூருக்குப் போய்விட்டது. மாமனார் மஞ்சள் கிண்ணத்தோடு பஸ் ஏறிப் போய், வீடு வீடாகக் கதவைத் தட்டித் தடவிவிட்டு வந்தார்.

மங்கலம் பார்க்கும் அதே பழக்கம்தான் இங்கே என்னைக் கவிழ்த்தது. எனக்கு அறை கொடுத்திருக்கும் அம்மாவை ஆயி என்று கூப்பிடுவேன். அத்தை வயதுக்காரர்களை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அவர் வீட்டுக்காரர் ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்தார். என் விசா முடியப் போகிறது. ஆயி கூட வந்து, இவன் என் வீட்டில்தான் இருக்கிறான் என்று போலீசில் பதிந்தால்தான் அது நீளும். வருகிறேன் என்று சொல்லியிருந்தார். அந்த நன்றிக்காக ஒரு நல்ல கார்டு எடுத்தேன். என்னிடம் இருந்த படங்களில் விளக்கு, கதவு, கல்யாண உறை எல்லாமே சிவப்பு. சரி, இவர்களுக்குச் சிவப்புதான் மங்கலம் என்று முடிவு பண்ணி, அவர்கள் வீட்டுக்கு வந்த கூரியர் சீட்டைப் பார்த்துப் பெரியவர் பெயரைச் சிவப்பு மையில் கோடு கோடாக வரைந்தேன். மூலைகளில் மஞ்சளும் தடவினேன்.

ஆயி முதலில் மஞ்சளை மோந்து பார்த்தார். பிறகு பெயரைப் பார்த்தார். முகம் இறுகிப்போனது. கார்டை என் நெஞ்சிலேயே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

லியூ அக்காவிடம் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு மொழி மாற்றிச் சொல்லும் தன் போனில் பேசினாள். போன் தமிழில் சொன்னது: “நீங்கள் அவரைப் புதைத்துவிட்டீர்கள்.” உயிரோடு இருப்பவர் பெயரை இங்கே சிவப்பில் எழுதவே கூடாதாம். அது செத்தவர்களுக்கு ஆகும் காரியமாம். இதை எந்தப் படம் எனக்குச் சொல்லும்?

மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவு திறக்கவில்லை. மறுநாள் ஆயியிடமிருந்து போனில் ஒரு வரி மட்டும் வந்தது, லியூ அக்காவின் போன்தான் தமிழில் சொன்னது: மாதக் கடைசியில் காலி செய். விசா அதற்கு முன்பே முடிகிறது. வேறு அறை தேட நாள் இல்லை. ஊரில் நான் கட்டும் வீடு ஜன்னல் மட்டத்தோடு நிற்கிறது.

“வந்துடுய்யா, பாத்துக்கலாம்” என்றாள் செல்வி. பிறகு அவளே கேட்டாள்: “வந்து இன்னா பண்ணுவ?”

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அதற்குப் பதில் தெரிந்தால் சொல்லுங்கள். பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறேன். பஞ்சு அடைத்த குளிர்க் கோட்டை உள்ளே வைத்தால் பெட்டியை மூட முடியவில்லை. பாகூரில் அதைப் போட்டு நடந்தால் நாய் துரத்தும். இங்கேயே விட்டால், இனி வரமாட்டேன் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. மாடிப்படியில் ஆயியின் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம், போலீசுக்குக் கூப்பிடத்தான் வருகிறாரோ என்று எழுந்து ஒரு கையைக் கோட்டுக்குள் நுழைக்கிறேன். சத்தம் என் கதவைத் தாண்டிப் போகிறது. இன்னொரு கை வெளியிலேயே இருக்கிறது.